மைக்கில் விழுந்த அம்மாவின் குரல்

எங்கள் வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைத்தது ஒரே இடத்தில்தான். சமையலறையின் பின்வாசல் படி. அதிலும் இடது தோளைக் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் நிற்கும். எங்கள் மலையில் பெரக்கரை நாட்டுப் பகுதிக்கு டவர் வந்த பிறகும் எங்கள் சரிவுக்கு அவ்வளவுதான் கொடுப்பினை. ராசிபுரத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் மலையிலேயே கிடந்த இரண்டு வருடங்களில் பாதியை நான் அந்தப் படியில் கழித்தேன். எனக்குப் பின்னால் இரண்டு எட்டில் அடுப்பு. அடுப்பின் முன்னால் அம்மா.

அப்பா போர்வெல் லாரியில் வேலைக்குப் போய் வடக்கே எங்கோ இருந்தார். ஐந்து மாதத்துக்கு ஒரு முறை வருவார். அக்காவை முள்ளுக்குறிச்சியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் நானும் அம்மாவும்தான்.

நான் ஆடியது நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டம். வானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். ஆயுதம் தேடி எடுத்து, எதிரில் வருகிறவர்களையெல்லாம் சுட்டு, கடைசிவரை நிற்கும் அணி ஜெயிக்கும். என் அணியில் இருந்த மற்ற மூன்று பேரையும் நான் நேரில் பார்த்ததே இல்லை. காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு குரலால் மட்டுமே பழக்கம். லீடர் கோயம்புத்தூர்க்காரன். ஆடுவதை நேரலையாக ஒளிபரப்புவான். பார்ப்பதற்கென்று ஒரு கூட்டம் வரும்.

லீடருக்கு ஒரு கொள்கை இருந்தது. இறங்கினால் முழுசாக இறங்க வேண்டும். வெளிச்சத்தம் எதுவும் மைக்கில் வரக் கூடாது. "காலிங் பெல், குக்கர் விசில், அப்பா இருமறது, எதுவும் வேண்டாம். ஒரு சத்தம் வந்தா ஃபீல் போயிரும். அப்புறம் அது வெறும் போன்" என்பான். மற்ற இருவருக்கும் வேறு குறைகள். நெட் இழுத்தால் ஓடுகிறவன் நின்ற இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டிருப்பான். சில நேரம் சுவருக்குள் பாதி உடம்பு புதைந்தபடி எதிரி நிற்பான். அதைப் பார்த்ததும் ஆட்டம் விட்டுப்போகிறது என்று திட்டுவார்கள்.

எனக்கு அதெல்லாம் உறுத்தவில்லை. அந்தத் தீவிலும் ஒரு மலை இருந்தது. மழை கொட்டி ஓய்ந்த மறுநிமிடம் அதில் ஓடலாம். வழுக்காது, அட்டை ஏறாது, மூச்சு வாங்காது. முதல் நாள் பார்த்துச் சிரித்தேன். பிறகு அதுவே எனக்குப் பிடித்துப்போனது. அந்த மலையில் நான் வேறு ஆள். தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடுகிறவன், அதிகம் பேசாதவன். நாமக்கல்லில் ரூம் எடுத்துத் தங்கி ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாக அவர்களிடம் சொல்லியிருந்தேன். 'வாரேன்' என்று வாயில் வரும்போது நிறுத்தி 'வரேன்' என்று சொல்லப் பழகியிருந்தேன்.

அம்மாவின் குரல் பெரியது. எதிர்ச் சரிவில் சாமைக் காட்டில் நிற்பவளை இங்கிருந்தே கூப்பிட்டுப் பேசும் குரல். வீட்டுக்குள்ளும் அவளுக்கு வேறு குரல் கிடையாது. நான் மைக்கை அணைத்து அணைத்துப் போட்டுத்தான் சமாளித்து வந்தேன்.

ஒருநாள் மாலை எங்கள் அணியும் இன்னொரு அணியும் மட்டும் மிச்சம். நான்கு பேரும் புல்லுக்குள் குப்புறப் படுத்திருந்தோம். யாரும் மூச்சுகூட விடவில்லை. அடுத்த அடி எடுத்துவைப்பவன் செத்தான். நான் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன்.

"சாமீ! கெடேரி கயித்த அத்துக்கிட்டு ஓடுது சாமீ! பெரிய ஊட்டுக்காரங்க காட்டுல பூந்துட்டா மானம் போயிரும், ஓடியா!"

லீடர் திடுக்கிட்டு எழுந்து நின்றான். அவன் தலையில் குண்டு பாய்ந்தது. அடுத்த நொடிகளில் மற்ற இருவரும். நான் போனைக் கீழே வைத்துவிட்டு மாட்டுக் கன்றைத் துரத்தப் போகவில்லை. படியிலேயே விறைத்து உட்கார்ந்திருந்தேன். அணியை விட்டுத் தூக்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன். காதில் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான்.

"டேய், கெடேரின்னா என்னடா?" என்றான் லீடர்.

"கன்னு ஈனாத பசு" என்றேன்.

"நாமக்கல் கம்பெனில கெடேரி வளக்கறாங்களா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த கூட்டமும் சிரித்ததாக லீடர் சொன்னான். மறுநாள் அவர்களில் பலர் வந்து கேட்டது என்னையல்ல. "கெடேரி அம்மா எங்க?" என்றார்கள். எதிரி ஓடினால் மூன்று பேரும் ஒரே குரலில் "கெடேரி ஓடுது சாமீ" என்று கத்துவார்கள். வெளிச்சத்தம் கூடாது என்ற லீடரே என்னிடம் சொன்னான். "இனிமே மியூட் போடாத. அம்மா பேசினா பேசட்டும்."

என் பொய் வெளிப்பட்டதில் கூசிக் குறுகியிருந்த எனக்கு அது மன்னிப்பு மாதிரி இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. ஆறு மாதம் அவர்களோடு ஆடியும் யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. இப்போது வந்தார்கள்.

அம்மா பேசாத நாட்களில் நான் பேச வைத்தேன். அரிவாளை எடுத்துக் கூரைச் சந்தில் செருகிவிட்டு அவள் தேடித் திட்டுவதைக் கேட்க விடுவேன். குழம்பில் உப்பில்லை என்பேன். கன்று மறுபடியும் ஓடிவிட்டது என்பேன். அவள் கையை உதறிக்கொண்டு ஓடுவாள். கன்று கட்டுத்தறியில் நின்று அசைபோடும். "எங்கண்ணுக்கு வெளையாட்டப் பாரு" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். அந்தச் சிரிப்பும் மைக்கில் போகும். வேலை கிடைக்காத மகன் தன்னோடு வாய் கொடுத்து விளையாடுகிறான் என்று அவள் மகிழ்ந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் என் தட்டில் முட்டை தவறாமல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லீடர் சொன்னான். "இன்னிக்கு ஏகப்பட்ட பேர் பாக்கறாங்க. கெடேரி, உப்பு எல்லாம் பழசாயிருச்சு. அம்மாகிட்ட ஏதாவது பெருசா சொல்லு."

என்ன சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அதை யோசித்தது நான்தான்.

"அம்மா" என்றேன், திரும்பாமலே. "அப்பா போன லாரி கவுந்துருச்சாம். போன் வந்துச்சு."

ஆப்பை கீழே விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு வந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. "ஐயோ, உசுரு இருக்குதா? உசுரு இருக்குதான்னு கேளு சாமி! கேளுடா!" மார்பில் அடித்துக்கொண்டாள். என் காதுக்குள் ஒருவன் சிரித்துச் சிரித்து இருமினான். லீடர் கிசுகிசுத்தான்: "மியூட் பண்ணாத. மியூட் பண்ணாத."

நான் மியூட் பண்ணவில்லை.

அம்மா வெறுங்காலோடு என்னைத் தாண்டி வெளியே ஓடினாள். பக்கத்துச் சரிவில் பிக்கப் வண்டி வைத்திருக்கும் பங்காளி வீட்டை நோக்கி ஓடுகிறாள் என்று புரிந்ததும்தான் எனக்கு உறைத்தது. ஊருக்குத் தெரிந்தால் விபரீதம். எழுந்து அவள் கையைப் பிடித்தேன். இழுபறியில் ஹெட்செட் ஒயர் போனிலிருந்து பிடுங்கிக்கொண்டது. போனின் ஸ்பீக்கர் சத்தமாகப் பேசத் தொடங்கியது.

"ஐயோ, உசுரு இருக்குதா, உசுரு இருக்குதா" என்று லீடர் அம்மா மாதிரியே இழுத்தான். மற்ற இருவரும் ஒப்பாரி வைப்பதுபோல் கூட இழுத்தார்கள். பிறகு மூவரும் சேர்ந்து, "கெடேரி ஓடுது சாமீ!"

அம்மா நின்றுவிட்டாள். போனைப் பார்த்தாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

"அதுல யாரு சாமி?"

"கூட ஆடறவங்கம்மா."

"நாம்பேசறது அவங்களுக்குக் கேக்குமா?"

"ம்."

"அன்னிக்குப் பேசுனதுமா? எத்தன பேரு கேட்டாங்க?"

நான் போனின் சத்தத்தைக் குறைத்தேன்.

"ஒங்கப்பனுக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா சொன்னேன்."

அவள் உள்ளே போனாள். ஆப்பையை எடுத்துக் கழுவினாள். அடுப்பில் அடிப்பிடித்துக்கொண்டிருந்ததைக் கிளறினாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுபடி ஒயரைச் சொருகியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். திட்டு விழாமல் தப்பினேன் என்று இருந்தது.

அன்றிலிருந்து அம்மா வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். என் கையில் போன் இருந்தால் குரலே கிடையாது. சோறு வைத்தால் தட்டைத் தரையில் ஒருமுறை தட்டுவாள். மாட்டைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் என் எதிரில் வந்து நின்று கையால் காட்டுவாள். பாத்திரங்களைக்கூட ஓசையில்லாமல் வைக்கக் கற்றுக்கொண்டாள். நான் அணியை விடவில்லை. "அம்மா கோச்சுக்கிச்சா? சமாதானம் பண்ணு" என்று லீடர் சில நாள் கேட்டான். பிறகு மறந்துபோனான். மறுபடியும் பழைய மாதிரி நிசப்தமாக ஆடினோம். உண்மையைச் சொன்னால், அடுத்து வந்த இரண்டு மாதங்களில்தான் நான் நன்றாக ஆடினேன். எனக்குப் பின்னால் ஒரு வீடு இருப்பதே தெரியவில்லை.

மழைக்காலம். காலை பத்து மணி இருக்கும். அம்மா பெரிய குண்டானில் குச்சிக்கிழங்கு வேகவைத்திருந்தாள். நான் ஆட்டத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஒளிந்திருந்தேன். திடீரென்று உலோகத்தில் உலோகம் மோதும் சத்தம் கேட்டது. கொட்டகையின் கூரைமேல் எவனோ குதித்துவிட்டான் என்று நினைத்து, ஆட்டத்துக்குள் நான் சட்டென்று திரும்பித் துப்பாக்கியை மேலே தூக்கினேன். யாரும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு வெளியே வந்து இரண்டு பேரைச் சுட்டேன். அந்த ஆட்டத்தில் நாங்கள்தான் ஜெயித்தோம்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் பார்த்தேன். குண்டான் கவிழ்ந்து கிடந்தது. கிழங்குகள் ஈரத்தில் சிதறி ஆவி அடங்கிப் போயிருந்தன. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்திருந்தாள். இடது முழங்காலுக்குக் கீழே தோல் சுருண்டு வெள்ளையாகத் தொங்கியது.

"அம்மா! ஏம்மா கூப்புடல?"

வாயிலிருந்து துணியை எடுத்தாள். என் கழுத்தில் தொங்கிய ஹெட்செட்டைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அவங்க கேப்பாங்கல்ல சாமி."

பங்காளியின் பிக்கப்பில் முள்ளுக்குறிச்சி வழியாக ராசிபுரத்துக்கு இறக்கினோம். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாய்ந்து அவள் கால் பலகையில் இடித்தது. ஒரு முனகல் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் தோலைக் கத்தரித்து எடுக்கும்போது, "வலிச்சா கத்துங்கம்மா, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். அம்மா என் சட்டைப் பையைப் பார்த்தாள். நான் போனை எடுத்து, அணைத்து, கறுப்புத் திரையை அவளிடம் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனாலும் கத்தவில்லை. அந்தக் கறுப்புத் திரையை அவள் ஏன் நம்ப வேண்டும்? அவளிடம் கடைசியாகச் செய்தி சொன்னவன் நான்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது லீடர் கூப்பிட்டான். ஏன் ஆட வரவில்லை என்றான். அம்மா காலில் சுடுதண்ணி கொட்டிவிட்டது என்று சொன்னேன்.

"அய்யய்யோ, கெடேரி அம்மாவுக்கா? டேய், லைவ்ல சொல்லட்டுமா? எல்லாரும் விசாரிப்பாங்க. ரெண்டு வார்த்தை அம்மாவப் பேசச் சொல்லேன்."

அவன் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனை வைத்தேன். அணியிலிருந்து விலகினேன். ஆட்டத்தையும் அழித்தேன். அதெல்லாம் ஒரு பெரிய காரியமில்லை. விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்துவிடுகிறது.

அப்பா எட்டாம் நாள் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் காலில் போட்டிருந்த கட்டை உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவ்வளவு பெரிய குண்டான அவளே தூக்குற வரைக்கும் நீ எங்கடா போயிருந்த?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொன்னாள்.

"அவன் மொளகுக் கொடி பாக்கக் காட்டுக்குப் போயிருந்தானுங்க. நாந்தான் பொறுக்காம தூக்கிட்டேன்."

நான் மறுத்துச் சொல்லவில்லை. லாரி கவிழ்ந்த கதையையும் இன்றுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கால் ஆற நான்கு மாதம் ஆனது. தோல் இழுத்துக்கொண்டதால் மேடேறும்போது கொஞ்சம் சாய்த்து நடக்கிறாள். நான் இப்போது ராசிபுரம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் வேலை செய்கிறேன். உடன் தங்கியிருப்பவர்கள் ஆடும்போது அவர்களுடைய போனை எப்போதாவது வாங்கிப் பார்ப்பதுண்டு. அந்த உலகத்தில் சுடப்பட்டவன் ஒவ்வொருவனும் கத்துகிறான். எப்படிப்பட்ட ஆட்டத்திலும் அடிபட்டால் கத்துகிறார்கள். முதல் கத்தலிலேயே எனக்கு எல்லாம் பொய்யாகத் தெரிந்துவிடும். திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வேலை முடிந்ததும் தினமும் அம்மாவைக் கூப்பிடுகிறேன். எடுத்ததும் அவள் முதலில் கேட்பது என் உடம்பைப் பற்றியல்ல.

"பக்கத்துல வேற யாராச்சும் கேக்கறாங்களா சாமி?"

"யாருமில்லம்மா. நான் மட்டும்தான்."

"செரி" என்பாள். அதன் பிறகும் தணிந்த குரலில்தான் பேசுவாள். ஆலை மிஷின் இரைச்சலில் பாதி வார்த்தை எனக்குக் கேட்பதில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசும்மா என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.