மின்சாரம் போன நேரத்தில் அப்பா பேசியது

எங்கள் அப்பா மத்தூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். கூலி வேலை செய்துகொண்டே ஐ.டி.ஐ. முடித்து, எழுபதுகளில் ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் தகடுகளை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் பிரிவுக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் ஆனார். நேர்மையானவர், ஞாயிறு ஆராதனை தவறாதவர். நினைவு மலருக்கு இதுவே போதும். ஆனால் அவருடைய வாயை அறிந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

அப்பா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டுவார். பிரஸ் ஓடும் இரைச்சலில் எதிரில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும் என்பதால், அது பாவத்தில் சேராது என்று நம்பினார்.

உத்தனப்பள்ளி மாதப்பன் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். தாயாரின் காரியம் முடித்து, மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பிய அன்றே, தகட்டைத் தவறாக வைத்து, டை என்கிற விலையுயர்ந்த அச்சை உடைத்துவிட்டார். அப்பா கத்தத் தொடங்கினார். நடுவில் கரெண்ட் போய்விட்டது. இயந்திரங்கள் நின்றன, அப்பா நிற்கவில்லை.

“உன்னப் பெத்ததுக்கு உங்கம்மா ஒரு கல்லப் பெத்திருக்கலாம்டா!”

ஷெட் முழுவதும் கேட்டது. மாதப்பன் ஸ்பேனரை ஓங்கினார். கருவியை ஓங்கியவருக்கு அங்கே வேலை கிடையாது. அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்த நான், ஒரு தூணுக்குப் பின்னால் வீரமாக நின்றிருந்தேன்.

அப்பா பின்வாங்கவில்லை. “மாதப்பா, நான் பேசினது பாவம். என்னை மன்னிச்சிடு.”

“கரெண்ட் வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே சார். யாருக்கும் கேட்டிருக்காது,” என்றார் மாதப்பன்.

“திட்டினது எல்லாருக்கும் கேட்டுச்சில்ல? இதுவும் கேக்கட்டும்.”

ஸ்பேனர் மெல்ல இறங்கியது. அதற்குள் மேலாளர் ஓடிவந்தார். “இவன் உங்கள அடிக்க வந்தானா?”

“ஓங்கினான் சார். அதுக்கு முன்னாடி நான் செத்துப்போன அவங்கம்மாவ இழுத்துப் பேசினேன். ஆக்‌ஷன் எடுக்கறதா இருந்தா மொதல்ல என்மேல எடுங்க.”

மாதப்பனின் வேலை தப்பியது. அப்பாவுக்கு வரவிருந்த பதவி உயர்வு வரவில்லை.

“வாய மூடிட்டிருந்தா ஃபோர்மேன் ஆயிருப்பீங்க,” என்றார் அம்மா.

“வாய மூடிட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காதே,” என்றார் அப்பா.

அதன்பின், யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் முதலில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார். கர்த்தர் பக்கத்தில் நின்று கேட்டாலும் கூசாத பேச்சு வேண்டும் என்பார். அது எளிதில் வரவில்லை. பல் வரை வந்த சொல்லை விழுங்கி விழுங்கி இருமுவார். அவருக்கு ஆஸ்துமா என்று பிரிவில் பேச்சு.

ஒருவரோடு மனத்தாங்கலை வைத்துக்கொண்டு திருவிருந்தில் அப்பத்துக்குக் கைநீட்டக் கூடாது என்பது எங்கள் சபை வழக்கம். மாதாமாதம் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை அப்பா உத்தனப்பள்ளிக்குப் பஸ் ஏறுவார். மாதப்பன் வீட்டில் டீ குடித்துவிட்டு, “மன்னிச்சியாப்பா?” என்பார். “பாக்கலாங்க சார்,” என்பார் மாதப்பன். ஓய்வு பெற்ற பிறகும் இது நடந்தது.

அப்பாவின் கடைசி நாட்களில் ஜெபித்த போதகருக்கும், உணவு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், இரவு பகலாகக் கவனித்த செவிலியருக்கும் எங்கள் நன்றி. மருத்துவமனையில் அப்பாவைத் தூக்கி உடம்பு துடைத்துவிட்ட மாதப்பன் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடக்கம் முடிந்ததும் அவரிடம் கேட்டேன்: “ஒரு தடவையாவது மன்னிச்சிட்டேன்னு சொல்லியிருக்கலாமேண்ணா?”

“ஷெட்லயே மன்னிச்சாச்சு தம்பி. சொல்லிட்டா, அடுத்த மாசம் வரமாட்டாரே.”