நின்றதும் செத்ததும்

செம்புத் தண்ணீரில் விரலை விட்டு எடுத்து, "இன்னும் ஒரு கை பச்சத்தண்ணி ஊத்துங்க" என்கிறார் ஜெஸ்னா. பையில் தெர்மாமீட்டர் இருக்கிறது. விரல் சொன்ன பிறகு அதையும் போட்டுப் பார்க்கிறார். முப்பத்தேழு டிகிரி. இரண்டும் ஒத்துப்போனால்தான் கேனின் மூடியைத் திறப்பார். வெள்ளைப் புகை வழிந்து தரையோடு படரும். இடுக்கியால் காளை விந்து உறைந்திருக்கும் ஒரு மெல்லிய குழலை எடுத்துச் செம்பில் போட்டுவிட்டு, மனதுக்குள் முப்பது எண்ணுவார். எண்ணிக்கொண்டே மாட்டுக்காரியிடம் மகள் பிரசவம், மருமகன் வேலை எல்லாம் விசாரிப்பார். எண்ணிக்கை தப்பி நான் பார்த்ததில்லை.

மாட்டுப்பட்டி அணைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் கட்டிய பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. வயது முப்பத்தெட்டு. அறுபது வயதுக்காரர்களும் அவரை 'ஊசியக்கா' என்றுதான் அழைக்கிறார்கள். ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே திரவ நைட்ரஜன் கேன், பழைய சேலைக் கிழிசலால் இறுகக் கட்டியிருக்கும். வலது மணிக்கட்டில் நெல்லிக்காய் அளவு தழும்பு. தீப்பட்டதா என்று கேட்டேன். "குளிருதான் சுட்டுச்சு" என்றார். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்காருவார். பாதிப் பிரசங்கத்தில் போன் அதிர்ந்தால் எழுந்து போய்விடுவார். "பருவத்துக்கு வந்த மாட்டுக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா?"

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பயிற்சிக்குப் போனபோது நுண்ணோக்கியில் ஒரு துளியைக் காட்டினார்கள். சற்று முன்வரை கல்லாக உறைந்திருந்த துளி. "சந்தைக் கூட்டம் மாதிரி முட்டி மோதி ஓடுது. எந்தக் காளையோடதுன்னு கேட்டேன். அது செத்து ஆறு வருசமாச்சுன்னாங்க."

உறைந்து கிடந்தபோது அதன் உயிர் எங்கே இருந்தது? இதுதான் அவருடைய கேள்வி. முதலில் மலையாளியான கால்நடை மருத்துவர் ஜிபியிடம் கேட்டார். உள்ளே எல்லா வேலையும் நின்றுபோயிருக்கும், ஆனால் அது சாவல்ல என்றார் மருத்துவர்.

"எல்லாம் நின்னுட்டா அதத்தான சார் சாவுன்னு சொல்லுதோம்?"

"சூடு காட்டினால் ஓடுதல்லோ. அப்போ செத்தில்ல."

"அப்ப அது ஓடுத வரைக்கும் உசுரோட இருக்கா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது?"

மருத்துவர் சிரித்துவிட்டு இரண்டு டீ சொன்னாராம்.

அடுத்து, பாவங்களை அறிக்கையிடப் போன இடத்தில் பங்குச்சாமி சுவக்கீன். உயிர் கடவுளின் மூச்சு என்றார் அவர். "சரி ஃபாதர். அப்ப கேன்ல நைட்ரஜன் தீந்தா மட்டும் ஏன் அம்புட்டும் போயிருது?" சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் பாவசங்கீர்த்தனத்துல கேக்கக் கூடாதும்மா" என்றாராம். இதைச் சொல்லும்போது ஜெஸ்னாவுக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது.

நான்கு வருடங்களுக்கு முன் அந்தக் கேள்வி அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. கணவர் மரியஜோசப் நிழல்மரத்துக் கிளை வெட்ட ஏறியவர், மழையில் வழுக்கி விழுந்தார். மலையிறங்கி ஒரு பெரிய ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். ஆறாம் நாள் இளம் மருத்துவர் ஒருவர் ஜெஸ்னாவை உட்காரவைத்து, மூளை இறந்துவிட்டது, நெஞ்சு ஏறி இறங்குவது இயந்திரத்தால் என்று பொறுமையாக விளக்கினார். ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்தார்களாம். இரண்டாவது சோதனை முடிந்த மதியம் இரண்டு பத்துதான் சான்றிதழில் இறந்த நேரம்.

"அது நீங்க பாத்து முடிச்ச நேரம் சார். அவரு போன நேரம் எது?"

"அது அறிஞ்ஞூடா, சேச்சி" என்றார் மருத்துவர். தெரியாது என்பதை அத்தனை மெதுவாக ஒருவர் சொல்லி ஜெஸ்னா கேட்டதில்லையாம்.

சுவக்கீன் சாமியும் அங்கே இருந்தார். முந்தின நாள் மரியஜோசப்புக்கு, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தவர் அவர்தான்.

"நேத்து எண்ணெய் பூசுனீங்களே ஃபாதர். உள்ள இருந்தவருக்கா, போனவருக்கா?"

"இருக்கிறவங்களுக்குத்தாம்மா பூசுறது."

"அப்ப நேத்து இருந்தாரா?"

"தெரியலம்மா" என்றார் சாமி. "தெரியாமத்தான் பூசுனேன்."

இதைச் சொல்லிவிட்டு ஜெஸ்னா ஸ்கூட்டரின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "ரெண்டு பேரும் எங்கிட்டப் பொய் சொல்லல. அதுவே அப்பப் பெருசா இருந்துச்சு. நின்னது என்னன்னு தெரியல, ஓடுறதாவது ஓடட்டும்னு கையெழுத்துப் போட்டேன்." இரண்டு சிறுநீரகங்களும் ஈரலும் முன்பின் தெரியாத மூன்று பேருக்குப் போயின. உயிர்த்தெழும் நாளில் என் மகன் ஈரலில்லாமலா எழுந்து வருவான் என்று அழுத மாமியார், ஒரு வருடம் மருமகளிடம் பேசவில்லை. ஜெஸ்னா பதினேழாம் நாள் வேலைக்குப் போனார். முதல் குழலைத் தண்ணீரில் போட்டுவிட்டு, எப்போதும்போல முப்பது எண்ணினாராம்.

போன மாதம் ஒரு காலையில் நானும் அவரோடு போயிருந்தேன். செபமாலையம்மாளின் பசுவுக்குக் கன்றின் கால் தெரிந்து வெகு நேரமாகியும் வெளியே வரவில்லை. மருத்துவர் வேறு எஸ்டேட்டில் இருந்தார். வந்து சேர ஒரு மணி நேரமாகும் என்றார். ஜெஸ்னா போனில் அவரிடம் கேட்டுக் கேட்டு, கன்றின் காலில் கயிற்றைப் போட்டு, பசு முக்கும்போது மட்டும் இழுத்தார். கன்று வந்தது. வைக்கோலில் ஈரத்துணி மாதிரி விழுந்து கிடந்தது. நாக்கு நீலமாகத் தொங்கியது. வயிறு அசையவில்லை.

"போச்சா தாயி?" என்றார் செபமாலையம்மாள்.

ஜெஸ்னா கன்றின் வாய்க்குள் விரலை விட்டுச் சளியை வழித்தெறிந்தார். மூக்குத் துவாரத்தில் வைக்கோலை விட்டுக் குடைந்தார். சாக்கால் விலாவை அழுத்தித் தேய்த்தார். காதில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார். மறுபடியும் தேய்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கன்று ஒரு தும்மல் போட்டது. விலா ஒருமுறை தூக்கிப் போட்டது. இன்னொரு முறை. அப்புறம் தானாகவே ஏறி இறங்கத் தொடங்கியது.

"மாதாவே!" என்று செபமாலையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். "என் மாதா கைவிடல!"

நர்சிங் படிக்கும் அவர் மகள் வினோ, "சளி அடச்சிருந்துச்சும்மா. அக்கா எடுத்துவிட்டாங்க, மூச்சு வந்துருச்சு. அவ்வளவுதான்" என்றாள்.

"சளி எடுத்த கன்னுகுட்டி எல்லாம் பொழைக்குதாக்கும்?"

"சாமி கும்பிட்டா மட்டும் எல்லாம் பொழைக்குதாம்மா?"

இருவரும் ஒரே நேரத்தில் ஊசியக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வலது கையுறையை உரித்துப் போட்டார். ஈரமான உள்ளங்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, கன்றின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய், தொடாமல், மூச்சு வந்து படும்படி அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.