உப்புத் தண்ணீர்க் குவளை

விளிம்பில் எனாமல் பெயர்ந்த அந்த வெள்ளைக் குவளையை அக்கா தன் சாப்பாட்டுப் பையிலேயே வைத்திருப்பாள். சேதராப்பட்டில் நாங்கள் வேலை பார்த்த பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் மதிய மணி அடித்ததும், டீக்கடையில் வெந்நீர் வாங்கி, உப்புப் போட்டுக் கலக்கிக் குழாயடிக்குக் கொண்டுவருவாள். நான் கொப்பளித்துத் துப்பும்போது யார் கண்ணிலும் படாதபடி முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர் சிவப்பாகத்தான் விழும். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஈறு வீங்கி, பல் தேய்த்தாலே ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அக்கா உடன்பிறந்தவள் அல்ல. உறுவையாறு கிராமத்தில் எங்கள் தெருக்காரி. புருஷன் விட்டுப் போனபின் அண்ணன் வீட்டில் இருந்தவள். சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவதென்றால் மட்டுமே வேலைக்குப் போகலாம் என்று எங்கள் இரண்டு வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்திக்கும் லீவுதான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் கூட வந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெள்ளையணு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. டாக்டரம்மா சிரித்தார். "பயப்படாதம்மா. ஈறுல கிருமி பூந்திருக்கு. ஒடம்பு அதோட சண்டை போடுது, அதான் வெள்ளையணு ஏறியிருக்கு, ஈறும் வீங்கியிருக்கு. பல்லுல படிஞ்ச காரையைச் சுரண்டி எடுத்தா சரியாயிடும்." அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், "இன்னாடி, இதுக்குப் போயா அழுத?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அந்தச் சமயத்தில்தான் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, சொல்ல வெட்கமென்ன. சம்மதம் என்று பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைப்பதற்கு முன், பெண்ணோடு பழகியவர்களிடம் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையின் அத்தை வேறு யாரைத் தேடிப் போவாள்? அக்காவைத்தான். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து பேச்சே இல்லை. கடைசியில் தரகர் வந்து அம்மாவிடம் சொன்னார்: "பொண்ணு ரத்தம் துப்புதாமே. ரத்தத்துலயும் கோளாறாம்." ரத்தம் துப்புகிறாள் என்றால் அன்று எல்லோர் கணக்கிலும் அது காசநோய்தான்.

நேரே போய்க் கேட்டேன். அக்கா மழுப்பவில்லை.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலடி. நீ ரத்தம் துப்புறது நெசம். வெள்ளையணு ஏறினதும் நெசம்."

"ஈறுலேர்ந்துன்னு சொன்னியா? டாக்டரம்மா சொன்னதச் சொன்னியா?"

"நீ போய்ட்டா என்னைய யாருடி வேலைக்கு அனுப்புவாங்க? அண்ணி வூட்டுலயே கெடந்து சாவணுமா?"

அவள் பயம் எனக்குப் புரிந்தது. புரிந்தால் வலிக்காதா என்ன? ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறாமை என்று துடைத்துப் போட்டிருப்பேன். என் ரத்தத்தை மறைக்க முந்தானை விரித்தவளே அதைச் சபையில் கொண்டுபோய் வைத்தாளே, அது இன்றும் எனக்கு ஆறவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அவள் இல்லாமல் என்னையும்தான் யார் அனுப்புவார்கள்? அந்தக் குவளையை மட்டும் அப்புறம் அவள் கையிலிருந்து வாங்கவே இல்லை.

ஈறு ஆறியது. பிறகு வேறு இடத்தில் வாழ்க்கையும் அமைந்தது. போன மாதம் பல் ஆடுகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேத்தி வயதில் ஒரு டாக்டர். ஈறு எவ்வளவு அழன்றிருக்கிறது என்பதை இப்போது எச்சிலை வைத்தே சோதித்துப் பார்க்கிறார்களாம், அதைப் பொறுமையாக விளக்கினாள். காகிதக் கப்பில் உப்புத் தண்ணீர் கொடுத்து, "ரத்தம் வருதாம்மா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்கு முன், பக்கத்து நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.