ஓடைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை விபூதி

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம், தலைநகர் சுவாவில் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த சித்தி, பெட்டி நிறையப் பிளாஸ்டிக் புட்டிகளோடு சபேட்டோவில் எங்கள் கரும்புத் தோட்டத்து வீட்டில் வந்து இறங்கினாள். எனக்கு ஒன்பது வயது. தலைகால் புரியவில்லை.

தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் உப்பையும் உலோகத்தையும் அளப்பதுதான் அவள் தொழில். நியூசிலாந்தில் அதே வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அவர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரே ஓடைத் தண்ணீரை இரண்டு புட்டிகளில் பிடித்து, ஒன்றை அவள் அளக்க வேண்டும். மற்றதை அங்கே அனுப்ப வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப்போனால் வேலை நிச்சயம்.

"உள்ள வெரல் பட்டாலே போச்சு. வேர்வை உப்பு கூட காட்டிக் குடுத்துடும்" என்று காலையில் எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே சொன்னாள். ஓடைத் தண்ணீரிலேயே புட்டிகளை மூன்று முறை அலசும் பொறுப்பு என்னுடையது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அலசினேன். என்னைவிடப் பெரிய விஞ்ஞானி அன்று ஃபிஜியில் இல்லை.

திரும்பி வந்து சித்தி குளிக்கப் போனாள். அவள் வருவதற்குள், நியூசிலாந்து போக வேண்டிய புட்டியில் தண்ணீர் கலங்கியிருந்தது.

"நாந்தான் ஒரு சிட்டிகை துன்னூறு போட்டேன். மாரியம்மன் கோயில் துன்னூறு. நல்ல காரியமா போவுதில்ல?" என்றாள் அம்மா.

சித்தி தன் அக்காவைப் பார்த்தபடியே நின்றாள். சுவா பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது.

"நான் புடிச்சாரேன் சித்தி!" என்று பெட்டியிலிருந்து புதுப் புட்டிகள் இரண்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். இரண்டும் ஒரே நேரத்துத் தண்ணீராக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கரும்புக்குள் புகுந்து, ரயில் பாதையைத் தாண்டி, ஓடையில் முழங்காலளவு இறங்கி, மூன்று முறை அலசி, பிடித்து, மூடி, ஓடி வந்தேன். "ஜல்தி! ஜல்தி!" என்று பஸ்ஸின் படியிலிருந்து சித்தி கத்தினாள். புட்டிகள் அவள் கைக்குப் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"ஒன்ன யாரு ஓடச் சொன்னா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பாவாடை நனைந்ததற்கு என்று நினைத்தேன்.

அளவுகள் ஒத்துப்போயின. கடிதம் வந்த அன்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. பக்தியில் செய்துவிட்ட தவறுக்காக வெட்கப்படுகிறாள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். தங்கையைப் போகவிடாமல் இருக்க அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதையும் நான் ஓடிப்போய்க் கெடுத்துவிட்டேன்.