கழுவிக் கொண்டுபோன லாரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிக்கொண்டே வந்தேன். நான் பத்தாவதோடு நின்றவள். எழுதினால் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஒரு கியர்பாக்ஸ் கெட்டுப்போனதில் ஊருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்ற கூச்சம் இன்னொரு பக்கம். போன வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போது அவரே, இந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டுச் சொன்னார்: "எழுதணும்னா எழுதுலா. அந்தப் பையன் மேல மட்டும் பழி போட்டுடாதே." அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். முருகன் துணை.

மலேசியாவில், இந்தப் பினாங்கில், எனக்கு இன்றைக்கும் பழகாத ஒன்று உண்டு. வண்டியைச் சர்வீஸுக்கு விட்டால் நாம் பக்கத்தில் நிற்க முடியாது. வண்டி விற்ற கம்பெனியில் சாவியை வாங்கிக்கொண்டு நம்மைக் குளுகுளு அறையில் சோபாவில் உட்கார வைத்துவிடுவார்கள். காபி, பிஸ்கட் எல்லாம் இருக்கும். நடுவில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் நம் வண்டியைத் தூக்கி நிறுத்தி என்னமோ செய்வார்கள். சத்தம் கேட்காது, வாசனை வராது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் எனக்கு.

நான் சங்ககிரிக்காரி. எங்கள் அப்பா லாரி ஓட்டினார், அண்ணன் இப்போதும் லாரி வைத்திருக்கிறார். அங்கே பட்டறையில் லாரிக்காரர் மெக்கானிக்கின் தோளோடு தோளாகக் குந்தியிருப்பார். வடிகிற எண்ணெயை விரலால் தொட்டு, தேய்த்து, மோந்து பார்ப்பார். "என்னப்பா, தீஞ்ச வாடை அடிக்குது" என்பார். மெக்கானிக் மறுப்பார். இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் ஒரே தூக்கில் வந்த டீயைப் பங்கிட்டுக் குடிப்பார்கள். கேள்வி கேட்பது அங்கே சண்டை இல்லை, வேலையில் பாதி அதுதான்.

என் வீட்டுக்காரர் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். சுவரில் ஒட்டியிருக்கிற முறைப்படி ஒவ்வொன்றையும் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. எதிர்த்துப் பேசுகிறவன் பேர்தான் முதலில் போகும் என்று நம்பினார். கடைசியில் ஆட்களைக் குறைத்தபோது எதிர்த்தவனும் போனான், வாயைத் திறக்காத இவரும் போனார். வந்த பணத்தை முன்பணமாகக் கட்டி ஒரு பிக்கப் லாரி வாங்கினோம். நின்றே வேலை செய்து இடது முழங்கால் போய்விட்டதால் கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால் ஆட்டோ கியர். நிபோங் திபாலில் தேங்காய் ஏற்றி, கடல்மேல் போகிற பாலத்தைத் தாண்டி, தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுன் கடைகளுக்கும் கோயில்களுக்கும் கொண்டுவந்து போடுவார். எங்கள் அடுப்பு எரிந்தது அந்த லாரியால்தான்.

சர்வீஸுக்குப் போகும் நாள் வந்தால் எங்கள் வீட்டில் அது ஒரு விரதம் மாதிரி. முந்தின நாள் சாயங்காலமே எங்கள் கெலுகோர் பிளாட்டுக்குக் கீழே லாரியை நிறுத்தி இரண்டு பேரும் சேர்ந்து கழுவுவோம். தார்ப்பாய், கயிறு, சாக்கு எல்லாவற்றையும் இறக்கி மாடிப்படி அடியில் வைப்போம். பின்பக்கத் தொட்டியில் ஒட்டியிருக்கும் நாரையும் மட்டைத் தூளையும் நான் துடைப்பத்தால் பெருக்கி எடுப்பேன். அவர் சக்கரத்துக்குள் கையை விட்டுச் சேற்றைக் கழுவுவார். காலையில் சந்தனம், குங்குமம் வைத்து, முன்னால் ஒரு முழம் பூவும் போட்டு எடுத்துப் போவோம். "அவ்ளோ பெரிய இடம். பளிங்குத் தரை. அழுக்கோட போனா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்பார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கோயிலுக்குக் குளிக்காமல் போவோமா?

இரண்டாவது வருஷத்திலேயே லாரி முதல் கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது ஒரு வெட்டு வெட்டியது. ஆயர் ஈத்தாம் மேட்டில் ஏறும்போது இரைச்சல் போடும், வேகம் வராது. செபராங் ஜெயாவில் இருக்கிற கம்பெனிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே எங்கள் வண்டியைப் பார்ப்பவர் பிரவின் என்று ஒரு தமிழ்ப் பையன். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன். நான் கேட்டேன்:

"தம்பி, கியர் ஆயிலும் பில்ட்டரும் எப்ப மாத்துவீங்க?"

"ஆண்ட்டி, அது மாத்தத் தேவை இல்லலா. லைஃப்டைம் ஆயில். பில்ட்டர் உள்ளுக்கே இருக்கு, சீல் பண்ணது. தொறந்தாதான் பிரச்சனை வரும்."

"எண்ணெய்னு ஒண்ணு இருந்தா சூடு பட்டு கருக்காதா தம்பி? வடை சுட்ட எண்ணெயவே நான் மூணாவது தடவை ஊத்த மாட்டேன்."

'வடை' என்ற சொல் மட்டும் புரிந்து பக்கத்து மேஜைச் சீனப் பெண் கூடச் சிரித்துவிட்டாள். பிரவினும் சிரித்தான். "ஆண்ட்டி வடைக் கடை போடலாம், நான் முதல் கஸ்டமர்" என்றான். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அங்கிள், வண்டி வேற எப்படி? ஏதாச்சும் கம்ப்ளெய்ண்ட்?" என்று கேட்டான்.

அவர் உடனே, "ஒண்ணும் இல்ல தம்பி. நல்லா ஓடுது" என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேஜைக்கு அடியில் என் காலை மெல்ல மிதித்தார்.

வண்டியில் ஏறியதும் கோபித்துக்கொண்டார். "இது உங்க சங்ககிரி பட்டறை இல்ல. கம்பெனி. செஞ்சவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? அவன் முன்னாடி என்னைய எதுக்கு சின்னப்படுத்துறே?"

அண்ணனிடம் போனில் சொன்னேன். "ஆயில் அளக்கற குச்சியை உருவி விரல்ல தொட்டுப் பாரு அம்மிணி, கருப்பா இருந்தா மாத்திப்போடச் சொல்லு" என்றார். அந்த வண்டியில் குச்சியே இல்லை என்றேன். "குச்சி இல்லாத வண்டியா? நாடி பாக்கக் கை நீட்டாத சீக்காளியாட்டம் இருக்குதே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த முறையும் கேட்டேன். அதே பதில். அதற்கு மேல் அழுத்திக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னைப் போல் கல்யாணம் கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு வந்தவர்களுக்கு அது புரியும். இந்த நாட்டில் நான் இருப்பதற்கான விசாவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அவர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் பேனாவைப் பிடிப்பதைப் பார்க்கும்போது, நம் குரல் எவ்வளவு உயரலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு வந்துவிடும். அவர் தொழிற்சாலையில் கற்றுக்கொண்ட மௌனத்தை நான் அந்த விசா அலுவலகத்தில் கற்றுக்கொண்டேன்.

தைப்பூசத்துக்குச் சில நாள் இருந்தது. பினாங்குத் தைப்பூசம் என்றால் தேங்காய்தான். சாமி வருகிற தெருவெல்லாம் குவித்து வைத்து உடைப்பார்கள். வருஷத்தில் எங்களுக்கு நாலு காசு பார்க்கிற நாட்கள் அவை. அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றியிருந்தார், நானும் கூட இருந்தேன். பாலத்தில் பாதி தூரம் வந்திருப்போம். இன்ஜின் உறுமுகிறது, லாரி நகரவில்லை. தீய்ந்த வாடை வந்தது. சின்ன வயதில் நான் மோந்த அதே வாடை. அவர் கியரை மாற்றி மாற்றிப் போட்டார். பின்னால் ஹாரன் சத்தம். கீழே கடல். "முருகா, முருகா" என்று மட்டும்தான் சொன்னார்.

இழுவை வண்டி வந்து எங்களை நேராகக் கம்பெனிக்குக் கொண்டுபோனது. அப்போதுதான் முதல் முறையாக எங்கள் லாரி கழுவாமல் அந்த இடத்துக்குள் போனது. தார்ப்பாய், கயிறு, சேறு, குவிந்த தேங்காய். இறக்கும்போது கயிறு தளர்ந்து ஒரு தேங்காய் விழுந்து பளிங்குத் தரையில் உருண்டு போனது. சோபாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே அதன் பின்னால் ஓடினார்.

பிரவின் வெளியே வந்தான். லாரியைச் சுற்றி வந்து தொட்டியைப் பார்த்தான், அழுந்திப் போயிருந்த பின்சக்கரத்தைப் பார்த்தான். முகமே மாறிவிட்டது.

"அங்கிள்... தினமும் இவ்ளோ லோடா ஏத்துறீங்க?"

"ஆமா தம்பி. பொழப்பு அதானே."

"அடக் கடவுளே. ஏன் அங்கிள் சொல்லல? லோடு ஏத்துற வண்டின்னா வேற கணக்குலா. மேடு, வெயில், பாரம்னா ஆயிலும் பில்ட்டரும் கண்டிப்பா மாத்தணும். உங்க வண்டி எப்பப் பாத்தாலும் பூ வச்சு, பொட்டு வச்சு, புதுசு மாதிரி வரும். நான் குடும்பத்தோட கோயிலுக்குப் போற வண்டின்னுல நினைச்சேன்!"

அவர் கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நின்றார். நான் அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்தேன். புழுதிக்கு நடுவில் அது மட்டும் பளிச்சென்று இருந்தது. தார்ப்பாயை இறக்கியதும், நாரைப் பெருக்கியதும் என் கை. நாங்கள் கழுவியது அழுக்கை மட்டும் இல்லை. அந்த வண்டி என்ன பாடு படுகிறது என்று அதுவே சொல்லியிருக்கும். அழுக்கோடு அதன் வாயையும் துடைத்து எடுத்துவிட்டோம்.

பிரவின் என் பக்கம் திரும்பி, "ஆண்ட்டி கேட்டாங்க. நான் திரும்பி ஒரு கேள்வி கேட்டிருக்கணும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவனால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. கியர்பாக்ஸை முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். வாடகைக்குப் பாரம் ஏற்றிய வண்டி என்பதால் உத்தரவாதமும் செல்லாதாம். வெளிப் பட்டறை ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனபோது அங்கிருந்த சீனர் ஒருவர் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றிக் காட்டினார். பில்ட்டர் அடைத்துப்போய், காந்தத்தில் இரும்புத் தூள் கருப்பு மயிர்போல் மொய்த்திருந்தது. எண்ணெயை முன்னாலேயே மாற்றியிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். பில்ட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மலாயில், "தாக் தாவு லா, அக்கா" என்றார். தெரியாதாம். கேட்டவர்களிலேயே அப்படிச் சொன்னது அவர் ஒருவர்தான்.

லாரியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டோம். இப்போது என் வீட்டுக்காரர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜாகா, அதாவது வாட்ச்மேன், வேலை பார்க்கிறார். வாசலில் தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டு வருகிற கார்களுக்கெல்லாம் சலாம் வைக்க வேண்டும். பிக்கப் லாரி ஏதாவது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று கூட வேலை செய்கிறவர் என்னிடம் சொன்னார்.

அந்த வருஷத் தைப்பூசத்துக்குப் போனேன். வேறு யாரோ கொண்டுவந்த தேங்காய் தெருவெல்லாம் உடைந்து கிடந்தது. தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் காவடிகள் ஏறின. முதுகில் கொக்கி, தோளில் பாரம், வாயில் அலகு. யாரும் எதையும் மறைக்கவில்லை. சாமி முன்னால் போகிறவன் தன் பாரத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக்கொண்டு போகிறான். நான்தான் இத்தனை வருஷமாகக் குளித்து, பூ வைத்து, "எல்லாரும் நல்லா இருக்கோம் முருகா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். மேல் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அழுகை அடங்க நேரமானது.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் கதை எங்களை விட்டுவிட்டுத் தானாக ஊர் சுற்ற ஆரம்பித்தது. என் நாத்தனார் கோயிலில் எல்லோரிடமும், "கம்பெனிக்காரன் எங்க அண்ணனை நல்லா ஏமாத்திட்டான்" என்று சொன்னார். பிரவினின் அம்மாவும் அதே கோயிலுக்கு வருகிறவர். அந்த அம்மாள் இப்போது என்னைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறார். சங்ககிரியில் என் அண்ணன் லாரி ஸ்டாண்டில், "எண்ணெய் மாத்துன்னு எந்தங்கச்சி தலையால அடிச்சுக்கிட்டா, மாப்பிள்ளைக்குத்தான் கேக்க வாயில்ல" என்று சொல்லியிருக்கிறார். ஒரு நாள் போனிலும் அதையே சொன்னார். ஸ்பீக்கர் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கை அப்படியே நின்றுவிட்டது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். குழாய் வெகு நேரம் ஓடியது.

நான் குழாயடிக்குப் போய்ப் பின்னால் நின்றேன். "உங்கண்ணன் சொல்றது சரிதான்லா" என்றார் திரும்பாமல்.

"சரி இல்லைங்க. பாதிதான். லாரியக் கூட நின்னு கழுவுனது நானும்தானே" என்றேன்.

வெளிநாட்டில் லாரி, வேன் வைத்துப் பிழைக்கிற நம் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன். வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது கழுவாதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: இவ்வளவு பாரம், இன்ன மேடு, இன்ன சத்தம். கேள்வி கேட்டால் மட்டும் போதாது. நம் வண்டி படுகிற பாட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் எதிரே இருப்பவர் சரியான பதில் சொல்ல முடியும்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அந்தப் பையனைத் திருடன் ஆக்காதீர்கள், என் வீட்டுக்காரரை ஏமாளி ஆக்காதீர்கள், என்னைக் கெட்டிக்காரி ஆக்காதீர்கள். இங்கே என்னை ஊர்க்காரி, அதாவது இந்தியாவிலிருந்து வந்தவள், என்கிறார்கள். அங்கே போனால் மலேசியாக்காரி என்கிறார்கள். பேரே கரைக்குக் கரை மாறிப்போன எனக்கு, இரண்டு கரையிலும் ஒரே மாதிரி சொல்லப்படுகிற ஒரு விஷயமாவது இருக்கட்டும்.