யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

போன் தரத்தை அளக்கும் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொந்த வீட்டில் மட்டும் போன் எடுக்காது.

"ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று கத்திக்கொண்டே மாடிக்கும் முற்றத்துக்கும் ஓடியிருப்பவர்கள் நீங்கள் என்பதால்தான் இதைத் துணிந்து சொல்கிறேன். என் வீடு கேரளத்துப் பாறசாலையை ஒட்டி, மாநில எல்லையை உரசிக்கொண்டு இருக்கிறது. முற்றத்தில் நின்றால் கேரளத்து டவர், கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். நான் வேலை பார்ப்பது போன் சேவையைச் சோதிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். அதன் சார்பில், உலகம் முழுக்க இந்தத் தரத்தை எப்படி அளக்க வேண்டும் என்று விதி எழுதும் ஒரு சர்வதேசக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். கூட்டங்கள் வெளிநாட்டில் நடக்கும். நான் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கலந்துகொள்வேன்.

நம்பர் போட்ட கேள்விகள்

எங்கள் குழுவில் வேலையைக் கேள்விகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்பது ஒரு கேள்வி. படம் விட்டு விட்டு வருகிறதா என்பது இன்னொன்று. ஊர் ஊராக வண்டியில் போய் எப்படி அளப்பது என்பது வேறொன்று. அதில்தான் நான் இருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நம்பர், ஒரு பொறுப்பாளர். பதில் கிடைத்தால் அது விதியாகும். கிடைக்காவிட்டால் கேள்வியைத் தூசி தட்டி அடுத்த நாலு வருஷத்துக்கு நீட்டிவிடுவார்கள்.

இதை எல்லாம் நான் பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காவிடம் விளக்க வேண்டி வந்தது. அவருடைய கணவர் தங்கப்பன் அண்ணன் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். அக்கா ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். அவர் நின்றது கிணற்றடியில். போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்து, அந்தப் பக்கத்து ஆபீசில் போய் விழுந்தது. "இந்த ஊர் எங்க லிஸ்ட்ல இல்லம்மா, இருங்க, மாத்தி விடுறேன்" என்றார்கள். மாற்றும்போது லைன் போனது. மூன்று தடவை இதே கதை. கடைசியில் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போனார்கள். உயிர் தங்கியது, வலது கை போய்விட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கையையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

"நீ போன் ஆபீசு ஆளாக்குமே, இதுக்கு ஒரு வழி செய்யப்பிடாதா?" என்று அக்கா கேட்டார். நான் என் கேள்வியின் நம்பரைச் சொல்லி, அதில் பேசிப் பார்க்கிறேன் என்றேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேள்விக்கு நம்பர் போட்டாச்சு, கொள்ளாம். பதிலுக்கு எப்பமாக்கும் நம்பர் போடுவினும்?"

நாங்கள் நின்ற இடம்

அந்த வாரமே சோதனை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஓட்டுவது ஷாஜி, என்னைச் சேச்சி என்பான். வண்டியில் இருக்கும் சோதனைப் போன் தானாகவே அழைத்து, தானாகவே வைத்து, எந்த டவர், என்ன நிலைமை என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளும். பாறசாலையிலிருந்து அம்பூரி ரப்பர் மலை வரைக்கும் எல்லையோரமாகவே வளைந்து வளைந்து போனோம். பாதி இடங்களில் போன் அந்தப் பக்கத்துக்குத் தாவியது. அழைப்புகள் நடுவில் அறுந்தன.

எனக்கு உள்ளுக்குள் ஒரு கொடூரமான சந்தோஷம், ஆதாரம் கையில் சிக்கிவிட்டதென்று. முடிவைக் கணக்கிட்டுப் பார்த்தால், இந்தப் பகுதியில் சேவை பிரமாதம் என்று வந்தது. திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பக்கத்து மாநில டவரைப் பிடித்த அழைப்புகளுக்கு 'பகுதிக்கு வெளியே' என்று முத்திரை குத்தி மொத்தமாகத் தள்ளிவிட வேண்டும் என்று இருக்கிறது விதி. எங்கள் குழு எழுதிய விதி. அது நிறைவேறிய கூட்டத்தில் நானும் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஷாஜிக்கு இதை விளக்கினேன். அவன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அப்பம் சேச்சி, நம்ம ரெண்டு பேரும் இப்பம் எங்கயாக்கும் நிக்கியது?"

லீலா போட்ட அஞ்சு

அன்றே உட்கார்ந்து ஒரு பத்தி எழுதினேன். இரண்டே வாக்கியம். பக்கத்துப் பகுதி டவரைப் பிடித்த அழைப்புகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது முதலாவது. அவற்றில் அவசர அழைப்புகள் எத்தனை அறுந்தன என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. குழுவுக்கு அனுப்பினால், ஜனங்கள் காதால் கேட்டுப் போட்ட மதிப்பெண்ணும் வேண்டும் என்றார்கள். பதிவு செய்த பேச்சைப் பலருக்குப் போட்டுக் காட்டி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் வாங்குவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். ஐந்து என்றால் அருமை, ஒன்று என்றால் படுமோசம். கெடு முடிய மூன்று நாள்தான் இருந்தது.

நெய்யாற்றின்கரையில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கூப்பிட்டு, காதில் ஹெட்போனை மாட்டினேன். எல்லையோரத்தில் பதிவான அழைப்புகள், ஒரு பெண் குரல் வாசித்த வாக்கியங்கள். பாதிப் பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். நானே கேட்டால் ஒன்றுக்கு மேல் போட மாட்டேன். தாள்களை வாங்கிப் பார்த்தால் நாலும் அஞ்சுமாகக் கொட்டிக் கிடந்தது. பாலராமபுரத்தில் சேலைக்கடையில் வேலை பார்க்கும் லீலா எல்லாவற்றுக்கும் அஞ்சு போட்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், இதில் எது உனக்குத் தெளிவாகக் கேட்டது என்று கத்திவிட்டேன். லீலா பயப்படவில்லை. மறுநாள் எல்லோரையும் திரும்பக் கூட்டி, பேசுகிறவருக்கு அல்ல லைனுக்குத்தான் மார்க் என்று தொண்டை வற்றச் சொல்லி, கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது முடிவை அனுப்பினேன். அப்படிச் சொல்ல வைத்தது, முதல் நாள் லீலா சொன்ன காரணம்.

"ஒண்ணும் கேக்கல்ல அக்கா. எண்ணாலும் அந்தப் பிள்ள எவ்வளவு பதமா பேசுது, அதுக்கிட்ட போயி ஒண்ணுன்னு சொல்ல எனக்கு மனசு வரல்ல."

சதுர அடைப்பு

எங்கள் குழுவில் சண்டையே கிடையாது. யாருக்காவது ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் அதை அடிக்க மாட்டார்கள். அந்த வரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். எல்லோரும் சம்மதிக்கும்வரை அது அங்கேயே இருக்கும். சில வரிகள் அங்கே வருஷக்கணக்காக இருக்கின்றன.

என் பத்திக்கு அடைப்புப் போட்டவர் ஒரு பெரிய கம்பெனியின் பிரதிநிதி. ஒருநாளும் குரலை உயர்த்தாதவர், அதனால் மனசுக்குள் அவருக்குச் சாந்தமூர்த்தி என்று பேர் வைத்திருந்தேன். ரேடியோ அலைக்கு மாநில எல்லை தெரியாது, அதற்குக் கம்பெனியைக் குற்றம் சொல்லக் கூடாது என்பது அவர் வாதம். நியாயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தங்கப்பன் அண்ணன் கை என் கண் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பத்து நிமிஷம் பேசினேன். முடித்ததும் அவர் அழகாகச் சிரித்தார்.

"மேடம், உங்கள் பத்தி எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் அதை அடைப்புக்குள் பத்திரமாக வைத்திருக்கிறோம்."

முற்றத்தில் ஒரு கத்தல்

விதி முடிவாகும் கூட்டம். அங்கே காலை, இங்கே மதியம் ஒன்றரை மணி. காலையிலிருந்து மழை. கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ரப்பர்க் கொம்பு ஒன்று முறிந்து கேபிள் மேல் விழுந்து வீட்டு இன்டர்நெட் போனது. கைக்கு அகப்பட்டது சோதனைப் போன்தான். அதை எடுத்துக்கொண்டு குடையோடு முற்றத்துக்கு ஓடி, கூட்டத்துக்குள் மறுபடி நுழைந்தேன்.

பத்தியை எடுத்தேவிடலாம் என்று சாந்தமூர்த்தி சொல்லிக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் அம்மாள், "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில் ஓட்டுப் போடுவது இல்லை. யாரும் பேசவில்லை என்றால் எல்லோரும் சம்மதித்ததாக அர்த்தம். நான் மைக்கைத் திறந்து, "உண்டு, ஆட்சேபம் உண்டு!" என்று கத்தினேன். மழையில் முற்றத்து டவரும் நிலைக்கவில்லை, அந்தக் கணத்தில் போன் அந்தப் பக்கத்து டவருக்குத் தாவி லைன் அறுந்தது. திரையில் பொறுப்பாளர் அம்மாள் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டார். நான் விடவில்லை, மழையில் நின்று "உண்டு! உண்டு!" என்று கத்திக்கொண்டே இருந்தேன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ராஜம்மா அக்கா மதிலைச் சுற்றி ஓடிவந்தார். ஓடிவந்தவர் முகத்தில் இருந்த வெளிறலைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. இதே மாதிரிதானே அன்று அவரும் கிணற்றடியில் போனைப் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பார்.

மறுபடி லைன் கிடைத்தபோது கூட்டம் காபிக்குக் கலைந்திருந்தது. பத்தி நீக்கப்பட்டது என்று குறிப்பு எழுதியாகிவிட்டது. பொறுப்பாளர் அம்மாள் எனக்கென்று தனியாக ஒரு வரி தட்டி வைத்திருந்தார்.

"எதிர்ப்புச் சொல்லாமல் விட்டுக்கொடுத்தமைக்கு நன்றி, நம் எல்லோருடைய நேரமும் மிச்சமானது."

நெய்யாற்றின்கரையில் முழு சிக்னல்

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. கூட்டம் முடியுமுன் குறிப்பை ஒரு தடவை வாசிப்பார்கள். அப்போது கை தூக்கலாம். ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஷாஜியைக் கூப்பிட்டேன். தாலுகா ஆபீசில் அண்ணனுக்காக ஒரு காகிதம் வாங்க வேண்டும் என்று ராஜம்மா அக்காவும் ஏறிக்கொண்டார். ஷாஜி ஓட்டிய ஓட்டத்தில் ரோட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கோர்ட்டுக்குப் பக்கத்தில், டவர் முழுசாகக் கிடைக்கும் இடத்தில் நிறுத்தினான். வாசிப்பு தொடங்கியிருந்தது. கை தூக்கினேன்.

நல்லவேளை, நான் கத்தியது சோதனைப் போனில். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து, என் அழைப்பு அறுந்த நேரத்தைக் குறித்து, பக்கத்தில் 'பகுதிக்கு வெளியே, கணக்கில் சேர்க்க வேண்டாம்' என்று எழுதி வைத்திருந்தது. அதை அப்படியே எல்லோர் திரையிலும் காட்டினேன். "நான் ஆட்சேபித்தேன். நம் விதிப்படி அது நடக்கவே இல்லை" என்றேன். பிறகு பொறுப்பாளர் அம்மாள் பத்தியைத் திரும்ப எடுத்து, அடைப்பை நீக்கி அப்படியே சேர்த்துக்கொள்ளலாமா, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

ஒரு குரலும் வரவில்லை. கூட்டத்தில் இருப்பவர்களின் பட்டியலை விரலால் தள்ளிப் பார்த்தேன். சாந்தமூர்த்தியின் பெயர் மங்கிப்போயிருந்தது. அவர் லைன் போயிருந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. ராஜம்மா அக்காவிடம் வரும் வழியிலேயே எல்லாம் சொல்லியிருந்தேன். அவரும் என் விரல் போன இடத்தைப் பார்த்துவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்தார். பேசாமல் இரு என்று என் மனசும் சொன்னது. இரண்டு விநாடி போதும், பத்தி விதியாகிவிடும். பொறுப்பாளர் அம்மாள், "ஆட்சேபம் இல்லையென்றால்..." என்று தொடங்கினார். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "மன்னிக்கவும், அவர் லைன் போய்விட்டது" என்று சொல்லிவிட்டேன். "நீ எதுக்குப் பிள்ள வாயத் தொறந்த?" என்றார் அக்கா. எனக்கும் என்னை அறைய வேண்டும் போலிருந்தது.

காத்திருந்தோம். அவர் வந்தார். நடந்ததைச் சொன்னார்கள். அவர் நெஞ்சில் கை வைத்து எனக்கு நன்றி சொன்னார். முதல் வாக்கியத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். எல்லையில் அறுகிற அழைப்பு இனிமேல் கணக்கில் வரும். இரண்டாவது வாக்கியத்துக்கு, அவசர அழைப்பைத் தனியாகச் சொல்வதற்கு, கம்பெனியைக் கேட்க வேண்டும். அடுத்த கூட்டம்வரை அது அடைப்புக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். மைக்கை மூடிவிட்டு இதை அக்காவுக்குச் சொன்னேன். அவர் மடியில் இருந்த காகிதக் கட்டை நேராக்கிக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கினார். இறங்கி நின்று, ஜன்னல் வழியாகக் குனிந்து சொன்னார்.

"நீ செய்தது செரியாக்கும் மக்கா, குற்றம் சொல்லல்ல. எண்ணாலும் எனக்க ஆளு இப்பமும் அடைப்புக்குள்ளதானே கெடக்காரு?"

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: பேச வேண்டிய நேரத்தில் லைன் போய்விடும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில்தான் டவர் முழுசாகக் கிடைக்கும்.