ஆலோசனைக்கு ஆள் சேர்த்துப் போன கதை

எனக்கும் கணவருக்கும் பேச்சு நின்றுபோய், சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் நான் வாடிக் கிடந்தேன். வைத்தியர் எங்கள் இருவரையும் கண்டியில் ஓர் உளவளத்துணையாளரிடம், அதாவது மனநல ஆலோசகரிடம், அனுப்பினார்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் புருஷன் பெண்சாதி சண்டை என்றால் இரு பக்கத்து ஆட்களும் தோட்டத் தலைவர் வீட்டில் கூடுவார்கள்; பிழை யார் மேல் என்று அவர் சொல்வார். இதுவும் அப்படித்தான் என்று எண்ணி, நான் கலஹாவிலிருந்து என் அண்ணனை வரவழைத்தேன். கணவரோ மடுல்கெல்லவிலிருந்து தன் அக்காவையும் மச்சானையும் கூட்டி வந்துவிட்டார்!

ஆலோசகர் அம்மா சிரித்துவிட்டார். "அவங்க வெளிய இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் வாங்க."

உள்ளே போனதும் கணவரைப் பற்றி முறையிடத் தொடங்கினேன்.

"என்கிட்ட இல்லம்மா, அவரப் பாத்துச் சொல்லுங்க. அவர் செஞ்சத விடுங்க, உங்க மனசுல இருக்கிறதச் சொல்லுங்க."

திரும்பினேன். "நீங்க பேசாம இருந்தா, நான் ஒங்களுக்கு வேணாமோன்னு பயமா இருக்கு."

அவர் கண் கலங்கிவிட்டது. "நான் வேல செய்ற கடையில ஆள் கொறைக்கிறாங்க. சொன்னா நீ ஒடைஞ்சி போயிருவன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

வெளியே வந்ததும் அண்ணன் எழுந்து, "பிழை யாரு மேலயாம்?" என்றார். நாங்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்தோம்.

இன்னும் சில தடவை போய்ப் பேசினோம், தூக்கம் திரும்பியது. இப்போது மனம் நொந்தால் அண்ணனுக்குப் போன் போடுவதில்லை, கணவரிடமே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்குத்தான் கோபம்: "சண்டை இல்லாட்டி என் ஞாபகமே வராதா?"